வயிற்றுத் தொல்லையும் உணவுத் தட்டும்
(உரையின் எழுத்து வடிவம்)

ஹைதராபாத் நகரின் தார்னாக்கா பகுதியில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. இதன் தொடக்கம் தமிழகத்தில்தான். 1918-ஆம் ஆண்டில், நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், பெரிபெரி நோயின் காரணத்தைக் கண்டறியும் நோக்குடன் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர் சிறிய அளவில் தொடங்கிய ஆய்வுப் பணி அது. 1958-இல் அது ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது.

அந்த ஆய்வுக்கூடம் எழுப்பிய முதல் வினா, "எதனை உண்ணாமையால் மக்களுக்கு நோய் வருகின்றது?" என்பதாகும். பெரிபெரி, பெல்லாக்ரா, மாலைக்கண், இரத்தசோகை ஆகிய அனைத்தும் இவ்வினாவுக்குள் அடங்கும். இன்று நகரத்து மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவுகளில் கேட்கப்படுவது இதற்கு நேர் எதிரான வினா: "எதனை உண்பதால் எனக்கு இத்தொல்லை வருகின்றது?" வயிறு உப்புகின்றது, சிறிது உண்டாலும் நிறைந்துவிட்டது போல் தோன்றுகின்றது, மலம் கழித்தபின் தணியும் வலி மறுநாளும் வருகின்றது. இரத்தம், மலம், எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் ஆகிய சோதனைகள் யாவும் "குறையில்லை" என்கின்றன. நோயாளியோ குறையில்லை என்று ஒப்புவதற்கில்லை.

இரண்டாம் வினாவுக்கு விடை தேடும்போது முதல் வினாவை மறந்துவிடலாகாது என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

நோயின் இயல்பு

உறுப்பில் புண்ணோ கட்டியோ அழற்சியோ காணப்படாத நிலையில், அதன் இயக்கத்திலும் உணர்விலும் தோன்றும் கோளாறுகளை "செயல்பாட்டுச் சீரணக் கோளாறுகள்" என்பது மருத்துவ வழக்கு. இவற்றுள் இரண்டு பெருவழக்காக உள்ளன. முதலாவது செயல்பாட்டு அசீரணம்: மேல்வயிற்றில் எரிவும், உண்டபின் மந்தமும் இதன் அடையாளங்கள். இரண்டாவது எரிச்சல் குடல் நோய்: வயிற்று வலியுடன் பேதியோ, மலச்சிக்கலோ, இரண்டும் மாறி மாறியோ வருவது இதன் இயல்பு. 2016-இல் வெளியான ரோம் வரையறை இவற்றைக் "குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பின் கோளாறுகள்" என வகைப்படுத்தியது. குடலின் சுவரிலேயே பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன என்பதை எண்ணினால் இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இக்கோளாறு அரிதன்று. முப்பத்து மூன்று நாடுகளில் எழுபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை வினவி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், இணையவழி விடை பெற்ற நாடுகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இவ்வகைக் கோளாறு ஏதேனும் ஒன்றை உடையவராக இருந்தனர். வீடு வீடாகச் சென்று வினவிய நாடுகளில் இவ்வளவு நூற்றுக்கு இருபதை ஒட்டியிருந்தது. இந்தியா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இந்திய இரைப்பை குடலியல் சங்கத்தின் பணிக்குழு 2008-இல் வெளியிட்ட அறிக்கை, பொதுமக்களில் 4.2 சதவிகிதத்தினர் எரிச்சல் குடல் நோயுடையோர் எனக் கணித்தது. நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் இது கோடிக்கணக்கானோரின் துன்பமாகும்.

உயிரைப் பறிக்கும் நோயன்று இது. ஆயினும் வேலைநாள் இழப்பு, ஓயாத சோதனைச் செலவு, பயணத்துக்கு அஞ்சும் வாழ்க்கை, காரணமற்ற உணவு விலக்கு ஆகியவை இதன் விளைவுகள். இவற்றுள் கடைசியாகச் சொல்லப்பட்டதே ஊட்டச்சத்து நோக்கில் மிகுந்த கவனத்துக்குரியது.

உணவு எவ்வாறு தொல்லை தருகின்றது?

உணவு இந்நோயைத் தோற்றுவிக்கின்றதா, அல்லது ஏற்கெனவே உள்ள நோயின் அறிகுறியைத் தூண்டுகின்றதா? இவ்விரண்டும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டை விளக்க இரண்டு ஆய்வுகள் துணைபுரியும்.

முதலாவது 1973-இல் வெளியான ஆய்வு. பெருங்குடலின் இறுதிப் பகுதியில் ஒரு சிறு பலூனை நுழைத்து 60 மில்லிலிட்டர் அளவுக்கு விரித்தபோது, நலமுள்ளோரில் நூற்றுக்கு ஆறு பேரே வலித்தது என்றனர்; எரிச்சல் குடல் நோயாளிகளில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் வலியை உணர்ந்தனர். விரிவு ஒன்றே, உணர்வு வேறு.

இரண்டாவது, இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் காந்த அதிர்வுப் படமெடுப்பு முறையால் நடைபெற்ற ஆய்வு. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் சிறுகுடலில் நீரைச் சேர்க்கின்றது. வெங்காயம் போன்றவற்றில் உள்ள ஃபிரக்டான் வகை மாவுப்பொருள் பெருங்குடலில் வாயுவைப் பெருக்குகின்றது என்று 2014-இல் அவ்வாய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினர். 2017-இல் நோயாளிகளையும் நலமுள்ளோரையும் ஒப்பிட்டபோது, இருசாரார் குடலிலும் நீரும் வாயுவும் ஏறத்தாழ ஒரே அளவில் சேர்ந்தன. தொல்லையை மிகுதியாக உணர்ந்தவர்கள் நோயாளிகளே.

ஆக, பருப்போ பாலோ நோயாளியின் குடலில் மட்டும் நஞ்சாக மாறிவிடுவதில்லை. எல்லோர் குடலிலும் நிகழும் இயற்கை மாற்றத்தையே உணர்வு மிகுந்த குடல் வலியாகப் பெருக்கிக் காட்டுகின்றது. இதனால் இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. தூண்டும் பொருளின் அளவைக் குறைத்தால் தொல்லை குறையும். அதே வேளையில், அப்பொருளை அடியோடு விலக்கினாலும் நோயின் வேர் அகன்றுவிடாது.

பருப்பும் ஹைதராபாத் ஆய்வும்

வாயுத் தொல்லை என்றவுடன் முதற் பழி பருப்பின்மேல் விழுகின்றது. துவரை, கடலை, உளுந்து, பயறு ஆகியவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. இவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. எனவே அவை செரிக்காமலே பெருங்குடலை அடைந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு வாயுவாகின்றன.

தாவரத்துக்கு இச்சர்க்கரைகள் தேவையானவை. விதை உலரும்போது உயிரணுக்களைக் காப்பவை அவை. முளைவிடும் வேளையில் இளஞ்செடிக்கு உடனடி ஆற்றல் தருபவையும் அவையே. முளைவிடும் விதை இவற்றைத் தானே செலவிட்டுவிடுகின்றது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நால்வகைப் பருப்புகளை ஆராய்ந்து 1978-இல் வெளியிட்ட கட்டுரை இதனை உறுதி செய்தது: இச்சர்க்கரைகளின் அளவு வகைக்கு வகை வேறுபடுகின்றது, முளைகட்டினால் அது குறைகின்றது. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு வேகவைப்பதும் ஒரு பகுதியை நீக்கும். வடிக்கும் நீரோடு சிறிதளவு பி வைட்டமின்களும் செல்லும் என்பது உண்மையே. பருப்பையே விலக்குவதினும் அவ்விழப்பு சிறிது. உளுந்தும் அரிசியும் கலந்து புளிக்கவைத்த இட்லி மாவில் நுண்ணுயிர்கள் இவ்வேலையின் ஒரு பகுதியை முன்னரே முடித்துவிடுகின்றன.

பருப்பை ஏன் இவ்வளவு காக்க வேண்டும்? இந்நிறுவனத்தின் அறிஞர்களான சி. கோபாலன், பி. வி. இராம சாஸ்திரி, எஸ். சி. பாலசுப்பிரமணியன் ஆகியோர் தொகுத்த இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு நூல் இதற்கு விடை கூறும். தீட்டிய அரிசி 100 கிராமில் உள்ள புரதம் 6.8 கிராம், துவரம்பருப்பில் 22.3 கிராம், கடலைப்பருப்பில் 20.8 கிராம்; பாசிப்பருப்பில் 24.5 கிராம். முட்டையும் இறைச்சியும் நாள்தோறும் வாங்க இயலாத குடும்பத்தில் புரதத்தின் பெரும்பகுதி பருப்புக் கிண்ணத்திலிருந்தே வருகின்றது. அக்கிண்ணமோ ஏற்கெனவே சுருங்கிய ஒன்று. நாட்டில் தலைக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்பின் அளவு 1961-இல் 69 கிராமாக இருந்தது. 2001-இல் அது 30 கிராமாகத் தாழ்ந்தது. பிற்பட்ட ஆண்டுகளில் விளைச்சல் பெருகி நிலை ஓரளவு சீரடைந்தது.

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனம் கொண்டைக் கடலையையும் துவரையையும் தன் முதன்மைப் பயிர்களில் சேர்த்துக்கொண்டதன் பின்னணியில் இப்பற்றாக்குறையும் உண்டு. ஒருபுறம் விளைச்சலைப் பெருக்க அறிவியல் உழைக்க, மறுபுறம் "பருப்பை நிறுத்துங்கள்" என்ற ஒற்றைச் சொல்லால் அதனைத் தட்டிலிருந்து அகற்றுவது பொருந்தாது. ஒரே உலையில் அனைவர்க்கும் சமைக்கும் எளிய குடும்பத்தில் தந்தைக்கு நிறுத்தப்பட்ட பருப்பு குழந்தைக்கும் நின்றுவிடும்.

பால்

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. இதனைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவம் கடந்தபின் மக்களில் பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடுகின்றது. இந்தியரிடையே இக்குறைவு எவ்வளவு பரவலானது என்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1972-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தனர். 1981-இல் வெளியான மற்றோர் ஆய்வு வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டது: தென்னிந்தியரில் 66.6 சதவிகிதத்தினரிடமும், புதுடில்லியில் 27.4 சதவிகிதத்தினரிடமும் லாக்டோஸ் செரியாமை காணப்பட்டது.

இக்குறைவு உடையோர் பாலைத் தீண்டவே கூடாதா? அவ்வாறில்லை. சுமார் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஏறத்தாழ ஒரு பெரிய குவளைப் பாலில் உள்ள அளவை, ஒரே வேளையில் அருந்தினாலும் பெரும்பாலோர்க்குத் தொல்லை இல்லை அல்லது மிகச் சிறிதே என்பது பல ஆய்வுகளின் தொகுப்பில் கண்ட முடிவு. உணர்வு மிகுந்த குடலுடையோர் இவ்வளவையும் இரண்டு மூன்று வேளைக்குப் பகிரலாம். வெறும் வயிற்றில் அருந்தாது உணவுடன் அருந்தலாம். தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை உண்டுவிடுகின்றன. எஞ்சியதைச் செரிக்கவும் அவற்றின் நொதி உதவுகின்றது. தென்னாட்டார் உணவை மோரோடு முடிக்கும் வழக்கம் இவ்வகையில் பொருளுடையது. பாலை விட்டவர்க்கு எலும்புக்குரிய சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கும் தயிரும் மோரும் கேழ்வரகும் கீரையும் விடையாகின்றன.

கோதுமை, வெங்காயம், பூண்டு

நகரங்களில் இன்று கோதுமையின் குளூட்டன் புரதத்தைப் பழிப்பது பெருகியுள்ளது. சீலியாக் நோய் உடையவர்க்கு அப்பழி முற்றிலும் பொருந்தும். அவர்கள் வாழ்நாள் முழுதும் கோதுமையை விலக்கியே ஆகவேண்டும். அந்நோய் இல்லாத, ஆயினும் கோதுமை ஒவ்வவில்லை என்று கருதிய 59 பேரை நார்வே நாட்டின் ஆஸ்லோ ஆய்வாளர்கள் சோதித்தனர். எதில் எது உள்ளது என்று அறிவிக்காமல் குளூட்டனையும் ஃபிரக்டானையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்ததில், தொல்லையை மிகுவித்தது ஃபிரக்டானே என்று 2018-இல் அறிவித்தனர். ஃபிரக்டான் கோதுமையில் மட்டுமன்றி வெங்காயத்திலும் பூண்டிலும் மிகுதியாக உண்டு. ரொட்டியைப் பழித்தவர் அதனோடு உண்ட வெங்காயக் குழம்பை மறந்துவிடுவது இயல்பு.

இங்கும் சமையலறை வழி காட்டும். ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே பூண்டை எண்ணெயில் வாட்டி, மணம் இறங்கியபின் பூண்டை எடுத்துவிட்டு அவ்வெண்ணெயால் தாளித்தால் சுவை எஞ்சும், தொல்லை குறையும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியில் ஃபிரக்டான் குறைவு. பெருங்காயமும் அம்மணத்தை ஓரளவு ஈடு செய்யும். ஆயின் கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு என்பதைச் சீலியாக் நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும். அரிசி, சோளம், கேழ்வரகு ஆகியவை இவ்வகையில் மென்மையான தானியங்கள். தெலங்கானா நாட்டுப்புறத்தின் சோள ரொட்டி எவ்வகை அயல்நாட்டு மாற்றுணவுக்கும் குறைந்ததன்று.

காரமும் கொழுப்பும்

ஆந்திர, தெலங்கானா உணவின் காரம் உலகறிந்தது. மிளகாயின் காப்சைசின் என்னும் பொருள் நரம்பு முனையில் உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டுகின்றது. வெப்பத்தையும் வலியையும் உணர்த்தும் ஏற்பியும் அதுவே. 1997-இல் அதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். எரிச்சல் குடல் நோயாளிகளின் குடற்சுவரில் இவ்வேற்பி உடைய நரம்பிழைகள் மிகுந்துள்ளன என லண்டன் ஆய்வாளர்கள் 2008-இல் தெரிவித்தனர். திடீரென மிகுந்த காரம் உண்டபின் சிலர்க்கு வயிறு கலங்குவதன் காரணம் இதனால் விளங்கும்.

எனினும் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. இத்தாலியின் பொலோன்யா நகரில் செயல்பாட்டு அசீரணம் உடைய 30 பேரில் ஒரு பகுதியினர்க்கு நாள்தோறும் 2.5 கிராம் சிவப்பு மிளகாய்த்தூளை ஐந்து வாரம் கொடுத்து ஆய்ந்ததை 2002-இல் வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் அவர்கள் தொல்லை குறைந்தது. இடைவிடாத தூண்டலால் நரம்பு முனை மழுங்குவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. இச்சிறிய ஆய்வு மிளகாயை மருந்தாக்கிவிடவில்லை. எனினும் பழகிய அளவான காரத்தையும் விருந்து நாளின் அளவு கடந்த காரத்தையும் குடல் ஒன்றாகக் கொள்வதில்லை என்பதை உணர்த்துகின்றது.

கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றது. அசீரணக்காரர்க்கு நெய் மிகுந்த பிரியாணியும் எண்ணெயில் பொரித்தவையும் மந்தம் தருவது இதனால்தான். இங்கும் மனத்தின் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புக் குறைந்த தயிரையே "கொழுப்பு மிகுந்தது" என்று கூறிக் கொடுத்தபோதும் நோயாளிகளுக்கு வயிற்று நிறைவு மிகுந்தது. ஒவ்வாது என்ற அச்சமே ஒவ்வாமையின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. அச்சுறுத்தும் அறிவுரை தன்னளவிலேயே தீங்கு செய்யக்கூடும்.

மெல்பர்ன் முறையும் அதன் எல்லையும்

மேற்கூறிய செரியாச் சர்க்கரைகள் அனைத்தையும் "ஃபாட்மேப்" என்ற பெயரில் ஒரு வகையாக்கி, அவற்றைக் குறைக்கும் உணவு முறையை வகுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் எரிச்சல் குடல் நோயாளிகள் 30 பேர் இம்முறையால் தெளிவான நலம் பெற்றனர். இம்முறை மூன்று கட்டங்கள் உடையது. முதற்கட்டத்தில் இரண்டு முதல் ஆறு வாரம் வரை இப்பொருள்கள் குறைக்கப்படும். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்துச் சோதிக்கப்படும். மூன்றாம் கட்டத்தில், அவரவர்க்கு உண்மையில் தொல்லை தருவது மட்டும் அளவு குறைக்கப்பட்டு, ஏனையவை தட்டுக்குத் திரும்பும்.

நடைமுறையில் பலர் முதற்கட்டத்திலேயே நின்றுவிடுகின்றனர். அச்சிட்ட ஒரு பட்டியல் கையில் கிடைக்கின்றது. திரும்பச் சேர்க்கும் வழியைச் சொல்வார் இல்லை. நான்கு வாரக் கட்டுப்பாட்டிலேயே குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ வகை நுண்ணுயிர்கள் குறைகின்றன என்று லண்டன் ஆய்வொன்று 2012-இல் காட்டியது. ஆண்டுக்கணக்கில் நீளும் கட்டுப்பாட்டை எவரும் பரிந்துரைப்பதில்லை.

இக்கடின முறை அனைவர்க்கும் வேண்டுமா என்பதும் சிந்தனைக்குரியது. சுவீடனில் 75 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெல்பர்ன் முறையும், மற்றதற்குப் பழைய எளிய அறிவுரையும் வழங்கினர். நேரத்துக்கு உண்க, சிறிது சிறிதாக உண்க, மென்று உண்க, கொழுப்பும் காப்பியும் குறைக்க என்பதே அவ்வெளிய அறிவுரை. நான்கு வார முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் நலம் பெற்றனர் என்பது 2015-இல் வெளியான முடிவு. எளியதை முதலில் செய்து, பயன் இல்லையெனில் கடினமானதை நாடுவதே முறையாகும்.

எளியவற்றுள் இந்தியாவுக்கே உரிய ஒரு பொருளும் உண்டு. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் இசப்கோல் உமி நீரைப் பிடித்துக் குழையும் நார்ப்பொருள். நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் இதனையும் கோதுமைத் தவிட்டையும் ஒப்பிட்டபோது, இசப்கோல் பயனளித்தது. தவிடு பலர்க்குத் தொல்லையை மிகுவித்தது என 2009-இல் தெரியவந்தது. நார்ப்பொருள் எல்லாம் ஒன்றல்ல என்பது இதன் பாடம். இசப்கோலைச் சிறிய அளவில் தொடங்கி, போதிய நீருடன் அருந்துவது அவசியம்.

பெல்லாக்ரா தரும் பாடம்

உணவை ஒருதலையாகச் சுருக்குவதன் விளைவை ஹைதராபாத் வட்டாரம் முன்னரே கண்டிருக்கின்றது. தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழை மக்களிடையே தோல் கருகி, பேதி கண்டு, மனமும் தடுமாறச் செய்யும் பெல்லாக்ரா நோய் காணப்பட்டது. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தையாவும் 1960-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற பொருளும் இதற்கு ஒரு காரணம் என்ற கருத்தை முன்வைத்தனர். சோளம் தீய தானியம் என்பது இதன் பொருளன்று. பருப்பும் பாலும் காய்கறியும் துணையின்றித் தானியம் தனித்து நின்றதே குறை. அந்நோயின் அடையாளங்களுள் பேதியும் ஒன்று என்பது கருதத்தக்கது. வறுமையால் சுருங்கிய தட்டு வயிற்றுநோயைத் தந்தது. வயிற்றுநோய்க்கு அஞ்சி அறியாமல் சுருக்கிய தட்டும் நாளடைவில் வேறு குறைகளைத் தரவல்லது.

2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவர்க்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு முட்டை இறைச்சி வகை, 300 மில்லிலிட்டர் பால், 400 கிராம் காய்கறி என்ற அளவில் தட்டை வகுக்கின்றது. வயிற்றுத் தொல்லைக்கு அஞ்சுவோர் முதலில் விலக்கும் பருப்பும் பாலும் இத்தட்டின் இரு தூண்கள்.

நடைமுறை ஒழுங்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்ளலாம். செகந்திராபாத்தில் வாழும் ஓர் அலுவலக எழுத்தர். காலையில் இரண்டு கோப்பை இரானி தேநீர், சிற்றுண்டி இல்லை. நண்பகலில் விரைந்து விழுங்கிய சோறு. இரவு பத்து மணிக்குக் கடலைப்பருப்புக் கூட்டும், வெங்காயம் மிகுந்த குழம்பும், கோதுமை ரொட்டியுமாகப் பேருணவு. வயிறு உப்பியது. அறிந்தவர் ஒருவர் சொற்படி பருப்பை நிறுத்தினார். மற்றொருவர் சொற்படி பாலை நிறுத்தினார். பின்னர் கோதுமையையும் விட்டார். எடை குறைந்தது, தொல்லை நீங்கவில்லை.

இவருக்கு வேண்டுவது ஒரு சிறு குறிப்பேடு. இரண்டு வாரம் உண்ட உணவு, உண்ட நேரம், தோன்றிய தொல்லை, உறக்கம், மனக்கவலை ஆகியவற்றை அதில் எழுதுதல் முதற்படி. இரண்டாவது, எதனையும் விலக்காமல் காலையில் இட்லியோ சோள ரொட்டியோ உண்டு, இரவு உணவை முன்னதாகவும் சிறிதாகவும் ஆக்குதல். மூன்றாவது, கடலைப்பருப்புக்கு மாற்றாக ஊறவைத்து நீர் வடித்த பாசிப்பருப்பைச் சிறு அளவில் சேர்த்து, தாங்கும் அளவுக்கு உயர்த்துதல். நான்காவது, பாலைத் தயிராகவும் மோராகவும் மாற்றுதல். ஐந்தாவது, இவற்றால் தீராத நிலையில் மட்டும் உணவியல் வல்லுநரின் துணையுடன் மூன்று கட்ட முறையை மேற்கொள்ளுதல். ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால் எது பயன்பட்டது என்று அறிய இயலாது.

எச்சரிக்கை

இவ்வளவும் வேறு நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தபின்னரே பொருந்தும். உடல் எடை தானாகக் குறைதல், மலத்தில் இரத்தம், இரத்தசோகை, விடாத காய்ச்சல், உறக்கத்தினின்று எழுப்பும் வலி அல்லது பேதி, விழுங்குவதில் தடை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றிய தொல்லை, குடும்பத்தில் குடற்புற்று ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் உணவு மாற்றத்தில் காலம் கடத்தலாகாது. நம் நாட்டில் குடற் காசநோயும் ஒட்டுண்ணித் தொற்றும் இன்னும் மறையவில்லை. மறுபுறம், சோதனையில் எதுவும் காணாத நிலையிலும் அமீபா நோய் என்று தாமே முடிவு செய்து மீண்டும் மீண்டும் மாத்திரை விழுங்குவதும் தவிர்க்கப்பட வேண்டியதே.

இரண்டு வினாக்களுடன் இவ்வுரை தொடங்கிற்று. எதனை உண்ணாமையால் நோய் என்று ஹைதராபாத் ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் தேடின. அத்தேடலின் பயனே அரிசிக்குப் பக்கத்தில் பருப்பும், பருப்புக்குப் பக்கத்தில் பாலும் கீரையும் வேண்டும் என்ற அறிவு. எதனை உண்பதால் தொல்லை என்று இன்று வினவும் நோயாளிக்கு அளிக்கும் விடை, அவ்வறிவை அழித்துவிடாததாக இருத்தல் வேண்டும். எவ்வளவு, எவ்வாறு சமைத்தது, எந்நேரத்தில் உண்டது என்ற மூன்றையும் கேட்டறிந்த பின்னரே "நிறுத்துக" என்ற சொல் வரட்டும். அச்சொல்லும் "எப்போது மீண்டும் தொடங்குவது" என்ற நாளோடு சேர்ந்தே வரட்டும்.